சாலிட்டான் வடிவம் மாறாது என்கிறார்களே, என் கணினிக் கோடில் மட்டும் ஏன் சுருங்கி விரிகிறது?

கேள்வி — ஜனவரி 6

மிகக் குளிர்ந்த அணு வாயுவை ஒரே அலையாகப் பார்க்கும் கிராஸ்–பிட்டாயெவ்ஸ்கி சமன்பாட்டுக்கு, ஒற்றைப் பரிமாணத்தில், ஸ்ப்ளிட்-ஸ்டெப் முறையில் கோடு (கணினி நிரல்) எழுதினேன். சாலிட்டான், அதாவது கலையாமல் ஓடும் ஒற்றை அலை, அதில் வர வேண்டும். ஈர்ப்பு வகை, இடைவினை வலிமை ஜி = −1, இயக்க உறுப்புக்கு முன் ½. தொடக்க அலைச்சார்பு 1.2 செக்(எக்ஸ்), செக் என்பது sech, மணி வடிவ வளைவு. பெட்டி நீளம் 40, புள்ளிகள் 512, நேர அடி 0.01. வடிவம் மாறாமல் நிற்கும் என்று பார்த்தால் உச்சம் ஏறி இறங்குகிறது. கொஞ்ச நேரம் கழித்து இரண்டு ஓரத்திலிருந்தும் சிற்றலை வருகிறது. அதற்கும் பிறகு முள்முள்ளாக இரைச்சல். நார்ம் (அடர்த்தியின் மொத்தக் கூட்டல்) மட்டும் 12 தசம இடம் வரை அசையவில்லை, ஆகவே கோடு சரி. அப்படியென்றால் சாலிட்டான் பற்றிப் புத்தகங்கள் சொல்வது மிகையா?

ஜனவரி 6, இரவு

புத்தகம் சொல்வது சரிதான். நீங்கள் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டது மூன்று தனித்தனிச் சங்கதி.

முதலாவது, ஏறி இறங்குவது. உங்கள் அலகில் அசல் சாலிட்டான் என்பது வீச்சு × செக்(வீச்சு × எக்ஸ்). உயரமும் அகலமும் ஒரே எண்ணால் கட்டப்பட்டவை. உயரத்தை 1.2 ஆக்கிவிட்டு அகலத்தை 1-லேயே விட்டிருக்கிறீர்கள். அது சாலிட்டானும் உபரி அலையும் சேர்ந்த கலவை. எவ்வளவு உபரி என்பதை சட்சுமாவும் யாஜிமாவும் 1974-லேயே கணக்கிட்டுவிட்டார்கள்: தொடக்க உயரம் 0.5-க்கும் 1.5-க்கும் நடுவில் இருந்தால், கடைசியில் மிஞ்சும் சாலிட்டானின் வீச்சு இரு மடங்கு உயரத்தில் 1 கழித்தது. உங்களுக்கு 2.4 − 1 = 1.4. மொத்த நார்ம் 2 × 1.44 = 2.88. சாலிட்டானுக்குப் போவது 2 × 1.4 = 2.80. மீதி 0.08, அதாவது 2.8 சதவீதம், கதிர்வீச்சாக வெளியே ஓட வேண்டும். ஓடி முடிக்கும்வரை உச்சம் ஆடும். ஆட்டக் காலம் சுமார் 6.4 (2 பையை, அதாவது 2π-ஐ, 0.98-ஆல் வகுத்தது, 0.98 என்பது 1.4-இன் வர்க்கத்தில் பாதி). ஆட்டம் நேரத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில்தான் தணியும், ரொம்ப மெதுவாக. அதனால் "நிற்கவே மாட்டேன் என்கிறது" என்று தோன்றும்.

இரண்டாவது, ஓரத்துச் சிற்றலை. அந்த உபரிதான் அது. எஃப்.எஃப்.டி. (அலையை அலை எண்களாகப் பிரிக்கும் வேக ஃபூரியே மாற்று) ஓடும் பெட்டி வளையம் மாதிரி. வலப்பக்கம் வெளியேறுவது இடப்பக்கம் நுழையும். அலை எண் (2π ÷ அலைநீளம்) 2 உள்ள துணுக்கு 10 நேர அலகில் ஓரத்தைத் தொடும், 20-இல் நடுவுக்கு வந்துவிடும்.

மூன்றாவது, முள் இரைச்சல். இது இயற்பியலே இல்லை, உங்கள் நேர அடி. இயக்க உறுப்பால் ஓர் அடியில் ஏறும் கட்டம் (அலைச் சுழற்சியின் கோணம்), அதாவது அலை எண்ணின் வர்க்கம் × நேர அடி ÷ 2, பையைத் தொடும் இடத்தில் முறைக்கே உரிய போலி ஒத்ததிர்வு உண்டு. நேர அடி 0.01 என்றால் அது அலை எண் 25-இல் விழுகிறது. உங்கள் கிரிட் 40 வரை அலை எண்களைத் தாங்குகிறது, ஆக 25 உள்ளே மாட்டிக்கொள்கிறது. நேர அடி 2 × (கிரிட் இடைவெளியின் வர்க்கம்) ÷ பை என்பதற்குக் கீழே இருக்க வேண்டும். உங்கள் இடைவெளி 0.078, வரம்பு 0.0039. 0.002 வைத்து ஓட்டுங்கள், முள் போய்விடும். இந்த நிபந்தனையை வைட்மனும் ஹெர்ப்ஸ்டும் 1986-இல் சமதள அலைப் பின்னணிக்குக் காட்டினார்கள். சாலிட்டான் பின்னணியில் முள் மெதுவாக வளரும், அதனால்தான் உங்களுக்குக் கடைசியில் தெரிந்தது.

ஜனவரி 7

நார்ம் பற்றிச் சொல்ல விட்டுப்போனது. "நார்ம் 12 இடம் நிற்கிறது, ஆகவே கோடு சரி" என்ற வாதம் செல்லாது. ஸ்ப்ளிட்-ஸ்டெப்பில் ஒவ்வொரு அடியும் கட்டத்தை மட்டுமே சுழற்றுகிறது. ஒருமுறை இட வெளியில், ஒருமுறை அலை எண் வெளியில். இரண்டுமே நார்மைத் தொடாது. ஜி-யின் குறியை மாற்றிப் போட்டாலும், நேர அடியைப் பத்து மடங்கு பெரிதாக்கினாலும் நார்ம் அசையாது. எந்தத் தவறுக்கும் அசையாத எண்ணை வைத்து எந்தத் தவறையும் பிடிக்க முடியாது.

பார்க்க வேண்டியது ஆற்றல். ஸ்ட்ராங் பிரிப்பு (அரை அடி நேரியலற்றது, முழு அடி இயக்கம், மறுபடி அரை அடி) சரியாக எழுதப்பட்டிருந்தால், நேர அடியைப் பாதியாக்கும்போது பிழை கால்வாசியாக வேண்டும். பாதிதான் ஆகிறதென்றால் அரை அடி எங்கோ முழு அடியாகக் கிடக்கிறது. குறையவே இல்லையென்றால் கோளாறு நேரத்தில் இல்லை, கிரிட்டிலோ சமன்பாட்டிலோ இருக்கிறது.

ஜனவரி 7, பின்னேரம்

தனியாகக் கேட்டவருக்கு: தொடங்கிய உடனே சாலிட்டான் சுக்குநூறாகிறதென்றால் 90 சதவீதம் அலை எண் வரிசைதான். பூச்சியத்திலிருந்து ஏறி, பாதியில் எதிர்மறைக்குத் தாவி, −1-இல் முடிய வேண்டும். சின்னதிலிருந்து பெரியதாக அடுக்கினால் எஃப்.எஃப்.டி. கேட்காது. (90 சதவீதம் என்பது ஆய்வு முடிவல்ல, வயிற்றெரிச்சல்.)

ஜனவரி 9

"ஓரத்தில் உறிஞ்சும் அடுக்கு வைத்தால் போதாதா?" என்று கேள்வி. வைக்கலாம். எதிர்மறைக் கற்பனை எண்ணாலான நிலையாற்றலை ஓரத்தில் படிப்படியாக ஏற்றினால் அலை அங்கே கரையும். ஆனால் ஏற்றம் செங்குத்தாக இருந்தால் அடுக்கே சுவராகித் திருப்பி அடிக்கும். ஏற்றத்தின் அகலம் அலைநீளத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். இங்கேதான் சிக்கல்: 1.2 செக் விடும் உபரியில் பெரும்பகுதி மெதுவான நீள அலை. அலை எண் 0.3 என்றால் அலைநீளம் 21. நீளம் 40 உள்ள பெட்டியில் 21 அகலத்துக்கு அடுக்கு வைத்தால் சாலிட்டானுக்கு இடம் எங்கே? பெட்டியை 200, புள்ளிகளை 4096, நேர அடியை 0.001 ஆக்குவது மலிவு. இன்றைய மடிக்கணினிக்கு இது ஒரு வேலையே இல்லை. அடுக்கு வைத்த பிறகு நார்ம், ஆற்றல் இரண்டும் குறையும் என்பதால், சோதனைகளை முடித்துவிட்டுத்தான் அடுக்கைப் போடுவது.

ஜனவரி 12

படம் அழகாக வருகிறது, அடுத்து என்ன என்பவருக்கு, விடை முன்கூட்டியே தெரிந்த ஒரு மோதல். வீச்சு 1 உள்ள இரண்டு சாலிட்டான்களை +10, −10 இடங்களில் வைத்து ஒன்றையொன்று நோக்கி வேகம் 2-இல் விடுங்கள். நேரம் 10-இல் இரண்டும் இடம் மாறி நிற்க வேண்டும். ஆனால் துல்லியமாக +10, −10 இடங்களில் அல்ல. ஒவ்வொன்றும் தான் போகும் திசையில் கொஞ்சம் முன்னால் தள்ளி நிற்கும். தள்ளல் = (1 ÷ வீச்சு) × இயல் மடக்கை(1 + வீச்சின் வர்க்கம் ÷ வேகத்தின் வர்க்கம்). இங்கே இயல் மடக்கை(1.25) = 0.223, உங்கள் கிரிட்டில் கிட்டத்தட்ட 3 புள்ளி. உச்சப் புள்ளியை வைத்து அளந்தால் 0.078 தட்டுத்தடுமாறும், நிறை மையத்தை எடுங்கள். 0.22 வந்தால் கோடை நம்பலாம். 0.3 வந்தால் நம்ப வேண்டாம்.

வேகம் கொடுப்பதற்கு அலைச்சார்பை ஒரு கட்டக் காரணியால் பெருக்குகிறோம். அது பெட்டி ஓரத்தில் ஒட்டாமல் துள்ளுமே என்ற கவலை பிரகாச சாலிட்டானுக்கு (அடர்த்தியில் மேடாக நிற்பது, இதுவரை பேசியது) வேண்டாம். நடுவிலிருந்து 20 தள்ளி செக்கின் மதிப்பு 4 × 10⁻⁹. இரண்டு சாலிட்டான் வைக்கும்போது ஓரம் 10 தூரத்தில்தான், அங்கே 10⁻⁴. அதுவும் இந்தச் சோதனைக்குப் போதும். இருண்ட சாலிட்டானுக்கு (பள்ளமாக நிற்பது) இந்தச் சலுகை கிடையாது, அதற்குப் பிறகு வருகிறேன்.

இன்னொன்று. கட்ட வேறுபாடு பை இருந்தால் நடுவில் அடர்த்தி எப்போதும் பூச்சியம். படத்தைப் பார்த்தால் முட்டித் திரும்பியது போலவே இருக்கும். கட்ட வேறுபாடு இல்லையென்றால் நடுவில் உச்சம் ஓங்கும். இரண்டிலுமே மோதிய பின் நிலை ஒன்றுதான். திரும்பியதா, ஊடுருவியதா என்பது ஒரே அளவுள்ள இரண்டை வைத்துக் கேட்கவே கூடாத கேள்வி. ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஹியூலட் குழு 2014-இல் லித்தியம்-7 வைத்துச் செய்தது இதற்காகத்தான்: அளவு வேறான இரண்டை மோதவிட்டு, எது எங்கே போகிறது என்று அடையாளம் கண்டார்கள். ஊடுருவித்தான் போகிறது.

ஜனவரி 15

அலகில்லா உலகத்திலிருந்து ஆய்வகத்துக்கு. இந்த இடத்தில் விழுபவர்கள் அதிகம்.

ஒரு நீளக் குழாய் மாதிரியான பொறியில் லித்தியம்-7. குறுக்கு அதிர்வெண் 700 ஹெர்ட்ஸ், அணுக்கள் 4000, சிதறல் நீளம் (அணுக்களுக்கிடையே உள்ள இடைவினையின் அளவு, எதிர்க்குறி என்றால் ஈர்ப்பு) −0.16 நானோமீட்டர், சுமார் −3 போர் ஆரம், என்று வைத்துக்கொள்வோம். கணக்குக்காக எடுத்த எண்கள். ஆனால் 2002-இல் ரைஸிலும் பாரிஸின் ஈ.என்.எஸ். கல்லூரியிலும் முதல் பிரகாச சாலிட்டான்களைச் செய்த வட்டாரம் இதுதான்.

குறுக்கு அலைவு நீளம்: குறைக்கப்பட்ட பிளாங்க் மாறிலி ÷ (நிறை × கோண அதிர்வெண்), அதன் வர்க்கமூலம். 1.43 மைக்ரோமீட்டர் வரும். நீள அலகு இது. நேர அலகு கோண அதிர்வெண்ணின் தலைகீழ், 0.227 மில்லிநொடி. நார்ம் 1 என்று வைத்தால் ஜி = 2 × அணு எண்ணிக்கை × சிதறல் நீளம் ÷ குறுக்கு நீளம் = −0.89. சாலிட்டான் அகலம் 2 ÷ 0.89 = 2.24 அலகு, அதாவது 3.2 மைக்ரோமீட்டர். வேதி அழுத்தம் (ஓர் அணுவைக் கூட்டினால் மாறும் ஆற்றல்) ஜி வர்க்கம் ÷ 8, எதிர்க்குறியோடு. 700 ஹெர்ட்ஸால் பெருக்கினால் −70 ஹெர்ட்ஸ்.

வழக்கமான சறுக்கல்கள் இரண்டு. ஒன்று, நார்மையும் 4000 ஆக்கி ஜி-யிலும் 4000-ஐப் போடுவது. சாலிட்டான் 4000 மடங்கு ஒல்லியாகி ஒரே கிரிட் புள்ளியில் அடங்கிவிடும். மற்றது, முப்பரிமாணத்துக்கான 4 பை கொண்ட ஜி-யை அப்படியே ஒற்றைப் பரிமாணக் கோடில் எழுதுவது. குறுக்குத் திசைகளைத் தொகையிட்டு நீக்கிய பிறகு மிஞ்சுவது 2 × குறைக்கப்பட்ட பிளாங்க் மாறிலி × கோண அதிர்வெண் × சிதறல் நீளம். பை இருக்காது.

ஜனவரி 15, இரவு

"ஏன் எல்லோரும் லித்தியம்?" காந்தப்புலம். சிதறல் நீளத்தை அதை வைத்துத்தான் திருப்புகிறோம். லித்தியம்-7-இல் சிதறல் நீளம் பூச்சியத்தைத் தாண்டுவது 544 காஸ் அருகே, சாய்வு காஸுக்கு வெறும் 0.1 போர் ஆரம். புலம் ஒரு காஸ் தப்பினாலும் ஜி கொஞ்சமே நகரும். ரூபிடியம்-85-இல் 166 காஸ் அருகே சாய்வு காஸுக்கு 40 போர் ஆரம் வட்டாரம். அங்கே 0.1 காஸ் தப்பினாலே சிதறல் நீளம் 4 போர் ஆரம் நகர்ந்துவிடும். −3 என்று குறிவைத்தவர் +1-இல் நிற்பார், சாலிட்டான் கலைந்து பரவும். இருந்தும் கொலராடோவின் ஜிலா ஆய்வகத்தில் 2006-லும் இங்கிலாந்து டர்ஹமில் 2013-லும் ரூபிடியம்-85 சாலிட்டான் செய்திருக்கிறார்கள். பொறுமைசாலிகள்.

ஜனவரி 19

மேலே 4000 அணு என்றேன். 8000 போட்டால்? ஒற்றைப் பரிமாணக் கோடு முகம் சுளிக்காமல் 1.6 மைக்ரோமீட்டர் சாலிட்டானைக் காட்டும். ஆய்வகத்தில் அது இருக்காது, சரிந்துவிடும்.

ஒற்றைப் பரிமாணத்தில் சுருங்கச் சுருங்க இயக்க ஆற்றல் அகலத்தின் வர்க்கத்துக்கு எதிராக ஏறுகிறது, ஈர்ப்பு அகலத்துக்கு எதிராக மட்டும். எங்கோ சமன் உண்டு. முப்பரிமாணத்தில் ஈர்ப்பு அகலத்தின் கனத்துக்கு எதிராகப் போகிறது; சின்ன அளவில் எப்போதும் அதுவே ஜெயிக்கும். குறுக்குப் பொறி ஒரு மேடு மட்டும் போட்டு வைக்கிறது, எண்ணிக்கை ஏறினால் மேடு கரைகிறது. எல்லை: அணு எண்ணிக்கை × சிதறல் நீளம் ÷ குறுக்கு நீளம் சுமார் 0.67. நம் கணக்கில் அது 6000 அணு. 4000-க்கு 0.45, பிழைக்கும். 8000-க்கு 0.89, பிழைக்காது.

முப்பரிமாணக் கோடில் கற்பனை நேரத்தில் ஓட்டி (ஆற்றலை இறக்கிக்கொண்டே போகும் முறை) தரைநிலை தேடுபவர்கள் இதைக் கவனியுங்கள்: எல்லைக்குக் கீழே கிடைப்பதும் உண்மையான அடிமட்டம் இல்லை, ஒரு குழி மட்டுமே. தொடக்கத்தில் ரொம்ப ஒல்லியான காஸியனை (மணி வடிவ வளைவை) கொடுத்தால் மேட்டின் அந்தப் பக்கத்தில் இறக்கிவிட்டதாகும், நேராகப் பள்ளத்துக்குப் போய்விடும். குறுக்கே ஒரு அலகு, நெடுக்கே சாலிட்டான் அகலம் என்று தொடங்குங்கள். சரிந்துவிட்டதா என்பதற்கு அடையாளம்: கிரிட் இடைவெளியைப் பாதியாக்கினால் உச்ச அடர்த்தி 8 மடங்காகும். எல்லா அணுவும் ஒரே கிரிட் அறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது என்று பொருள். "ரொம்ப ஆழமான தரைநிலை கிடைத்தது" என்று யாராவது எழுதினால் முதலில் கேட்க வேண்டியது இதை.

ஜனவரி 20

0.67-ஐ எல்லா இடத்திலும் போட்டுப் பார்க்க வேண்டாம். அது நெடுக்குத் திசையில் பொறியே இல்லாத குழாய்க்கு. சலாஸ்னிச், பரோலா, ரியாட்டோ 2002-இல் எழுதிய, குறுக்கு அகலத்தையும் அடர்த்தியோடு மாறவிடும் சமன்பாடு சரியாக 2/3 தருகிறது. முழு முப்பரிமாணக் கணக்கு 0.676. உருண்டைப் பொறி என்றால் 0.575. ஜிலாவில் ரூபிடியம்-85 வைத்து 2001-இல் அளந்தபோது 0.46 வட்டாரம் வந்து கோட்பாட்டுக்காரர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். 2003-இல் சிதறல் நீளத்தை மறுபடி துல்லியமாக அளந்து கணக்கைத் திருப்பிப் போட்டால் 0.55 பக்கம் ஏறிவிட்டது. அணுக்களை எண்ணியதில் குறையில்லை, அளவுகோலில்தான் இருந்தது.

அந்த 2002 சமன்பாட்டில் கைக்கணக்குக்கு ஒரு வசதி. குறுக்கு அகலத்தின் வர்க்கம் = குறுக்கு நீளத்தின் வர்க்கம் × வர்க்கமூலம்(1 − 2 × குறியில்லாச் சிதறல் நீளம் × நெடுக்கு அடர்த்தி). 4000 அணுவுக்கு உச்ச நெடுக்கு அடர்த்தி மைக்ரோமீட்டருக்கு 625. சிதறல் நீளத்தோடு பெருக்கினால் 0.1. குறுக்கே 5 சதவீதம்தான் ஒடுங்குகிறது. ஒற்றைப் பரிமாணக் கோடை நம்பி ஓட்டலாம். இந்தப் பெருக்கல் 0.2-ஐத் தாண்டினால் நான் நம்பமாட்டேன்.

ஜனவரி 24

ஜனவரி 6 கேள்விக்குத் திரும்பினால், 1.2-க்குப் பதில் 2 செக்(எக்ஸ்) போட்டுப் பாருங்கள். இப்போது கதிர்வீச்சே கிடையாது. உச்சம் 2-இலிருந்து 4-க்கு ஏறி, பை ÷ 2 நேரத்தில் பழைய இடத்துக்கே திரும்பும், எத்தனை முறை வேண்டுமானாலும். வீச்சு 3, வீச்சு 1 என்று இரண்டு சாலிட்டான்கள் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. சுற்றுக்காலம் எங்கிருந்து? அதிர்வெண்கள் 9/2, 1/2, வித்தியாசம் 4, 2 பை ÷ 4. காகிதமே வேண்டாம்.

ஆய்வகத்தில் இதைச் செய்ய, ஒரு சாதாரண சாலிட்டானை உருவாக்கி, காந்தப்புலத்தைத் தட்டிச் சிதறல் நீளத்தை 4 மடங்காக்க வேண்டும். ரைஸில் 2020-இல் வெளியானது இதுதான். மேலே போட்ட எல்லையை இங்கே அப்படியே பயன்படுத்தினால் ஏமாறுவோம்: அமுங்கும் நேரத்தில் உச்ச அடர்த்தி 16-க்குப் போகிறது, அதே நார்ம் 8 உள்ள ஒற்றைச் சாலிட்டானின் உச்சமும் 16. ஆக, தட்டிய பிறகு உள்ள ஜி-யை வைத்துத்தான் 0.67-ஐ ஒப்பிட வேண்டும், அதற்கும் கீழே தாராளமாக இடைவெளி விட வேண்டும். நம் 4000 அணு, தட்டுவதற்கு முன் 0.45, தட்டினால் 1.8. முதல் அமுக்கத்திலேயே போய்விடும். 700 அணுவோடு தொடங்கினால் முன் 0.08, பின் 0.31. அப்போதுதான் ஆட்டம் பார்க்கக் கிடைக்கும்.

வேடிக்கை என்னவென்றால், இந்த இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கும் பிணைப்பு ஆற்றல் பூச்சியம். தனித்தனியாகப் போனாலும் மொத்த ஆற்றல் அதேதான். யாரும் தள்ளவில்லை, அதனால் நிற்கிறது. குவாண்டம் ஏற்ற இறக்கமே மெல்லத் தள்ளிப் பிரித்துவிடும் என்று யுரோவ்ஸ்கியும் கூட்டாளிகளும் 2017-இல் கணக்கிட்டார்கள்.

ஜனவரி 25

"ஏற்ற இறக்கம் என்கிறீர்கள், அப்படியானால் கிராஸ்–பிட்டாயெவ்ஸ்கியே தோராயம்தானே, எதற்கு 12 தசம இடம்?" நல்ல குத்து. ஒற்றைப் பரிமாணத்தில் ஒன்றையொன்று தொடும்போது மட்டும் ஈர்க்கும் போசான்களுக்கு மெக்குவயர் 1964-இல் துல்லிய விடை எழுதினார். கட்டுண்ட நிலையின் ஆற்றல், அணு எண்ணிக்கையை எண் என்று சொன்னால், −(ஜி வர்க்கம் ÷ 24) × எண் × (எண் வர்க்கம் − 1). கிராஸ்–பிட்டாயெவ்ஸ்கி தருவது அதே, ஆனால் அந்த "− 1" இல்லாமல். 10 அணுவுக்கு 1 சதவீத வேறுபாடு. 4000-க்கு எட்டாவது தசம இடத்தில்கூட ஆடாது என்று சொல்லலாம் போல இருக்கும், கணக்குப் போட்டால் 16 மில்லியனில் ஒரு பங்கு. ஆற்றலைப் பொறுத்தவரை தோராயம் என்று குறைசொல்ல ஒன்றுமில்லை. மையம் எங்கே இருக்கிறது என்று கேட்டால்தான் கதை மாறும்: துல்லிய நிலையில் மையம் எங்கும் பரவியிருக்கிறது, சராசரிப் புலமோ (கிராஸ்–பிட்டாயெவ்ஸ்கி) ஓரிடத்தில் ஆணி அடித்து வைக்கிறது.

ஜனவரி 31

இருண்ட சாலிட்டான். விலக்கும் வாயுவில், அடர்த்தியில் ஒரு பள்ளம், அதைத் தாண்டும்போது கட்டம் துள்ளும். அசையாதது என்றால் துள்ளல் பை, பள்ளம் பூச்சியம் வரை. நகர்வது என்றால் பள்ளத்தின் அடியில் மிஞ்சும் அடர்த்தி = பின்னணி × (வேகம் ÷ ஒலிவேகம்) வர்க்கம். ஒலிவேகத்தைத் தொட்டால் பள்ளமே இல்லை.

கோடில் எல்லோரும் செய்வது: டான்ஹ்(எக்ஸ்), அதாவது tanh, போடுவது, ஓட்டுவது, ஓரத்திலிருந்து புறப்படும் அதிர்ச்சி அலையைப் பார்த்து "புதிய நிகழ்வு" என்று எழுதுவது. டான்ஹ் இடக்கோடியில் −1, வலக்கோடியில் +1. வளையப் பெட்டியில் இரண்டும் ஒரே புள்ளி. அங்கே நீங்களே ஒரு முறிவை வைத்திருக்கிறீர்கள். இரண்டு சாலிட்டான்களை எதிரெதிர் வேகத்தில் வைத்தால் கட்டத் துள்ளல்கள் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். இல்லையென்றால் பொறியைச் சேருங்கள். ஓரத்தில் அடர்த்தி பூச்சியமானால் கட்டத்தைப் பற்றிக் கவலையில்லை.

பொறியைச் சேர்த்தால் உடனே ஒரு சோதனை எண் கிடைக்கும். நிறைய அணு உள்ள மேகத்தில் இருண்ட சாலிட்டான் பொறியின் காலத்தைவிட 1.414 மடங்கு மெதுவாக ஆடும். புஷ்ஷும் ஆங்லினும் 2000-இல் காட்டியது. கோடில் 1.41 வரவில்லையென்றால் அணு எண்ணிக்கை போதவில்லை, அல்லது இரண்டு சாலிட்டான் ஒன்றையொன்று தள்ளுகின்றன.

முப்பரிமாணத்தில் இந்தப் பள்ளம் ஒரு தாள். அகலமான மேகத்தில் தாள் நெளியும், கிழிந்து சுழல்களாகும். வேதி அழுத்தம் குறுக்கு அதிர்வெண்ணின் குவாண்டம் அளவில் சுமார் 2.5 மடங்குக்குக் கீழே இருந்தால் நெளிய இடமில்லை. ஹானோவரில் 1999-லும் அமெரிக்க நிஸ்ட் ஆய்வகத்தில் 2000-லும் கட்டத்தை ஒளியால் பதித்துச் செய்தவை சீக்கிரம் மறைந்தன. ஹாம்பர்கில் 2008-இல் குளிராகவும் ஒடுக்கமாகவும் வைத்தபோது சில நொடிகள் தாங்கின.

பிப்ரவரி 3

எம்.ஐ.டி.-யின் "கனமான சாலிட்டான்" பற்றி ஒருவர் சுட்டி அனுப்பியிருந்தார். 2013-இல் வந்தது. லித்தியம்-6, ஃபெர்மி மீபாய்மம் (உராய்வின்றிப் பாயும் வாயு), கட்டம் பதித்தார்கள், பள்ளம் ஒன்று பொறிக்குள் மிக மிக மெதுவாக ஆடியது. காலங்களின் விகிதத்தை வர்க்கித்தால் நிலைம நிறைக்கும் வெற்று நிறைக்கும் (பள்ளத்தில் குறையும் அணுக்களின் நிறை) உள்ள விகிதம் கிடைக்கும். மேலே சொன்ன 1.414-க்கு அது 2. இவர்களுக்கு 200-ஐத் தாண்டியது. கோட்பாடு எங்கேயும் அவ்வளவு தரவில்லை. வலுவான குவாண்டம் ஏற்ற இறக்கம் என்று விளக்கம் சொன்னார்கள்.

2014-இல் அதே குழு மேகத்தைத் துண்டு துண்டாகப் படமெடுத்துப் பார்த்தால், தாள் இல்லை. மேகத்தைக் குறுக்கே துளைத்து நிற்கும் ஒற்றைச் சுழல் கோடு. பக்கத்திலிருந்து தொகையிட்டுப் பார்க்கும்போது அதன் நிழல் பள்ளமாகத் தெரிந்தது. நீள மேகத்தில் சுழல் கோடு மெதுவாகத்தான் ஊரும். 200-க்கு விசித்திரம் தேவைப்படவில்லை. இத்தாலியின் ட்ரெண்டோவிலும் இதேதான்: சோடியம் வாயுவைச் சட்டென்று குளிர்வித்தால் தானாக சாலிட்டான் பிறக்கிறது என்று 2013-இல் எழுதியவர்கள், 2014-இல் அவை சுழல்கள் என்று தாங்களே காட்டினார்கள். இரண்டு குழுவும் தங்கள் விடையைத் தாங்களே திருத்தியது பெரிய விஷயம். மேலே உள்ள 2.5 கணக்கை இந்த மேகங்களுக்குப் போட்டுப் பார்த்தால் தாள் பிழைத்திருக்க வாய்ப்பில்லை என்று முன்பே தெரியும், ஆனால் அடுத்தவர் படத்துக்கு அதைச் சொல்வது எளிது.

பிப்ரவரி 4

இல்லை, "எல்லா இருண்ட சாலிட்டானும் சுழல்தான்" என்று நான் சொல்லவில்லை. எம்.ஐ.டி. 2016-இல் முழு வரிசையையும் காட்டியது: முதலில் தாள், பிறகு சுழல் வளையம், கடைசியில் சுழல் கோடு. எப்போது படம் எடுக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி.

பிப்ரவரி 11

இரண்டு கூறு உள்ள வாயுவுக்கு (ஒரே அணு, இரண்டு உள்நிலை) கோடை நீட்டுபவர்களுக்கு. எல்லா இடைவினையும் சமமாக இருந்தால் அது மனகோவ் 1974-இல் எடுத்த சமன்பாடு, இதுவும் தொகையிடத்தக்கது (துல்லிய விடை காணக்கூடியது). ஒற்றைக் கூறுப் பழக்கத்தில் "மோதல் முடிந்ததும் வடிவம் அப்படியே" என்று எதிர்பார்த்தால் கோடில் பிழை தேடிக்கொண்டே இருப்பீர்கள். திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் ராதாகிருஷ்ணனும் லட்சுமணனும், ஹியட்டரின்டாவோடு சேர்ந்து, 1997-இல் காட்டியது: மோதலில் கூறுகளுக்கிடையே செறிவு கைமாறும். ஒரு சாலிட்டானில் முதல் கூறு கிட்டத்தட்ட அணைந்து மற்றதில் ஓங்கலாம். கூறுவாரியாக மொத்த நார்ம் மாறாது, ஒவ்வொரு சாலிட்டானின் மொத்தமும் மாறாது, பங்கீடு மட்டும் மாறும். இரண்டு சாலிட்டானிலும் கூறுகளின் விகிதம் தொடக்கத்திலேயே ஒன்றாக இருந்தால் கைமாற்றம் கிடையாது.

ஆக, சோதனை இரண்டு. முதலில் விகிதங்களைச் சமமாக வைத்து ஓட்டுங்கள். ஜனவரி 12-இன் 0.223 அப்படியே வர வேண்டும். இங்கே வீச்சு என்பது இரு கூறு வீச்சுகளின் வர்க்கக் கூட்டலின் மூலம். பிறகு விகிதத்தை மாற்றி ஓட்டி, நான்கு எண்களையும் தனித்தனியாக அச்சிடுங்கள்: இரண்டு சாலிட்டான், ஒவ்வொன்றிலும் இரண்டு கூறு. கூறுவாரியாகக் கூட்டினாலும் சாலிட்டான்வாரியாகக் கூட்டினாலும் மோதலுக்கு முன்பு வந்ததே வர வேண்டும். கூறுவாரிக் கூட்டல் சரியாக வந்து சாலிட்டான்வாரிக் கூட்டல் தப்பினால் எல்லா இடைவினையும் உண்மையிலேயே சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொரு சறுக்கல், குறுக்கு இடைவினையில் இரண்டு கூறின் அடர்த்தியையும் ஒரே நேரத்தில் எடுக்காமல், முதலாவதைப் புதுப்பித்துவிட்டு அதன் புதிய மதிப்பை இரண்டாவதற்குக் கொடுப்பது. அரை அடிக்குள் அடர்த்தி மாறாது என்பதால் அது தானாகத் தப்பித்துவிடும் என்பார்கள். கட்டத்தை மட்டும் சுழற்றும்வரை சரி. ராபி இணைப்பு (இரண்டு உள்நிலைகளையும் கோர்க்கும் வெளிப்புலம்) ஒன்று சேர்ந்தால் அணுக்கள் கூறு மாறத் தொடங்கும், அப்போது தப்பாது. அந்த இடத்தில் 2 × 2 அணியை மொத்தமாக அடுக்கேற்றித்தான் ஆக வேண்டும்.